பாதி பதப்பட்ட தோலுக்கும் விலையுண்டு

மே மாதம் தேவதாயின் வணக்க மாதம். நம் பங்குகளில் மாலைதோறும் ஜெபமாலை ஒலிக்கும் அதே மாதத்தில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளின் முடிவுகளும் வெளிவருகின்றன. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களில் எத்தனையோ இல்லங்களுக்கு அது ஒரு தீர்ப்பு நாள். மகன் மேலே படிப்பதா, டேனரிக்குப் போவதா? மகள் கல்லூரிக்குச் செல்வதா, ஷூ கம்பெனி வண்டியில் ஏறுவதா? வாரக் கூலியும், சீட்டுப் பணமும், மருத்துவச் செலவும் ஒரு தட்டில். பதினாறு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் மறு தட்டில்.

இத்தகைய முடிவுகளை எடுக்கும் பெற்றோரிடம் பெரும்பாலும் ஓர் எண்ணம் வேரூன்றி நிற்கிறது. கல்லூரி என்பது ஒரே வாசலுள்ள வீடு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவருக்கே அவ்வாசல் திறக்கும். அதைத் தவற விட்டவர் கற்றதெல்லாம் வீண் என்பதே அவ்வெண்ணம். இது உண்மையன்று. பள்ளிப் பருவத்திலும் தொழிற்பயிற்சியிலும் பிள்ளைகள் கற்பது, முறைப்படி சான்று பெற்றிருக்குமாயின், உயர்கல்வியின் கணக்கில் முன்பணமாக ஏறும். அதற்கான வழிகள் நம் மாநிலத்திலேயே உள்ளன. அவற்றை அறியாமையால் பல குடும்பங்கள் இழந்துவிடுகின்றன.

தோல் கற்பிக்கும் பாடம்

இதை விளங்கிக்கொள்ள நம் ஊர்த் தொழிலே போதும். பச்சைத் தோல் டேனரிக்கு வருகிறது. அதை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, பதனிடுகிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் நெடுங்காலமாக இங்கிருந்து கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. அது முழுமை பெற்ற சரக்கன்று. சாயமும் மெருகும் அங்கேதான் ஏறின. எனினும் அதற்கு விலை இருந்தது. சந்தைக்கு வந்த பாதி பதப்பட்ட தோலை, "இது முடியவில்லை" என்று சொல்லி மீண்டும் சுண்ணாம்புக் குழியில் போட்ட வணிகர் எவருமில்லை. நின்ற இடத்திலிருந்தே அடுத்த வேலையைத் தொடங்கினார்கள்.

இக்கதைக்கு மறுபாதியும் உண்டு. பாதி பதப்பட்ட தோலை விற்பதால் நாட்டுக்குக் கிடைக்கும் வருவாய் சிறிது என்பதைச் சீதாராமையா குழு 1972-ல் எடுத்துரைத்தது. அதன் பின் அரசு அத்தகைய தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. தோலை இங்கேயே முழுமையாக்கவும், காலணி செய்யவும் நம் ஊர்கள் கற்றன. இன்று நம் பெண்மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் ஷூ தொழிற்சாலைகள் அம்மாற்றத்தின் விளைவே.

ஆகவே தோல் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. இடைநிலைக்கும் விலையுண்டு. முழுமைக்கு அதனினும் மிகுந்த விலையுண்டு. பிள்ளைகளின் கல்விக்கும் இவ்விரண்டும் பொருந்தும்.

பிற நாடுகளிலும் நம் நாட்டிலும்

அமெரிக்க நாட்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே கற்றுத் தேர்வெழுதும் முறை 1950-களில் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடும் அத்தேர்வில் மூன்றோ அதற்கு மேலோ பெற்றவருக்கு, அப்பாடத்தைக் கற்று முடித்ததாகவே பல கல்லூரிகள் கணக்கில் வைத்துக்கொள்கின்றன. அக்கணக்குக்கே 'கிரெடிட்' என்று பெயர். வேறு சில மாணவர்கள் பள்ளியில் பயின்றவாறே அருகிலுள்ள கல்லூரியின் வகுப்பிலும் அமர்ந்து, இரண்டுக்கும் ஒருசேரக் கணக்குப் பெறுகின்றனர். கல்லூரியில் ஒரு பருவம் குறைந்தால் ஒரு பருவக் கட்டணம் குறையும். ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய உதவியன்று.

பதினாறு வயதினர் கல்லூரியில் அமர்வது நமக்கும் புதிதன்று. பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படித்த தலைமுறை இன்றும் நம்மிடையே உள்ளது. 1978-ல் மேல்நிலைக் கல்வி தமிழகப் பள்ளிகளுக்கு வந்தபோது அவ்வழக்கம் மறைந்தது.

இப்போது கிரெடிட் என்னும் சொல் நம் நாட்டுச் சட்டங்களிலும் இடம் பெற்றுவிட்டது. மாணவர் பெறும் கிரெடிட்டுகளைச் சேமிப்புக் கணக்கைப் போல் வைத்துக் காக்கும் கல்வி வங்கியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் ஏற்படுத்தியது. 2023-ல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு பள்ளிக் கல்வி, தொழிற்கல்வி, உயர்கல்வி மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முற்பட்டது. முப்பது மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஓராண்டுக்கு நாற்பது கிரெடிட் என்பது அதன் கணக்கு. தமிழ்நாடு அரசோ மையத்தின் கல்விக் கொள்கையை ஏற்காது, பள்ளிக் கல்விக்கெனத் தன் கொள்கையை 2025 ஆகஸ்டு மாதம் வெளியிட்டது. ஆதலால் கட்டமைப்பில் எழுதியிருப்பதெல்லாம் நம் ஊர்க் கல்லூரியில் அப்படியே நடக்கும் என்று எவரும் எண்ண வேண்டா. ஆனால் அச்சொல் வருவதற்கு நெடுநாள் முன்பே நம் மாநிலத்தில் நடைமுறையில் இருந்துவரும் ஒரு படிக்கட்டு உண்டு.

மூன்று படிகள், ஒரே மாடி

அப்படிக்கட்டுக்கு 'நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை' என்று பெயர். அதன் விதி எளியது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர், பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்க வேண்டியதில்லை. நேரே இரண்டாமாண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பாலிடெக்னிக்கின் இரண்டாமாண்டில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் உரிய அறிவியல் பாடங்களோ தொழிற்பாடமோ படித்துத் தேறியவருக்கும் பாலிடெக்னிக்கில் அவ்வுரிமை உண்டு. முன்னே கற்றது ஓராண்டாகக் கணக்கில் ஏறுகிறது.

இனி ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்போம். பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலைப் பள்ளியில் இரண்டாண்டு, பொறியியல் கல்லூரியில் நான்காண்டு, மொத்தம் ஆறு. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு, பொறியியல் கல்லூரியில் மூன்றாண்டு, அதுவும் ஆறு. ஓராண்டும் இழப்பில்லை. இடையில் பத்தொன்பது வயதில் கையில் ஒரு டிப்ளமாவும் இருக்கும். வீட்டில் இடி விழுந்தாற்போல் ஏதேனும் நேர்ந்து படிப்பை நிறுத்த வேண்டி வந்தாலும், வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் தொடங்குவோருக்கு இரண்டும் இரண்டும் மூன்றுமாக ஏழாண்டு. கூடுதலாக ஓராண்டு ஆகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் வேலைக்கு உதவும் ஒரு சான்று கிடைக்கிறது.

வேலூரிலேயே தந்தை பெரியார் பெயரில் அரசு பாலிடெக்னிக்கும், பாகாயத்தில் அரசுப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. சென்னைத் தரமணியில் அரசின் தோல் தொழில்நுட்பப் பயிலகம் தோல் தொழிலிலேயே டிப்ளமா தருகிறது. அதே நகரில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பணியாற்றி வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்தில் பட்டப் படிப்பும் நடக்கிறது. தந்தை சுண்ணாம்புக் குழியருகில் நின்ற அதே தொழிலில், மகன் ஆய்வுக்கூடத்தில் நிற்பதற்கான வழி இது. மகளுக்கும் இதுவே வழி. அப்பர் தைக்கும் வரிசையில் அமர்ந்த தாயின் மகள் அத்தொழிற்சாலையின் தர ஆய்வாளராக வருவதில் வியப்புக்கு என்ன இருக்கிறது?

தேறிய பாடம் தேறியதே

தேர்வில் தவறிய பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். ஐந்து பாடங்களில் மூன்றில் தேறி இரண்டில் தவறிய மாணவியை, "பெயில்" என்ற ஒரே சொல்லால் முத்திரையிட்டு மறு வாரமே வேலைக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவள் தேறிய மூன்று பாடங்களும் அவளுடைய சொத்து. அவற்றை அவள் மீண்டும் எழுத வேண்டியதில்லை. தவறிய பாடங்களை மட்டும் சில வாரங்களிலேயே வரும் துணைத் தேர்வில் எழுதலாம். அதில் தேறினால் அவ்வாண்டே மேற்படிப்பில் சேர இயலும். முடிவு வந்த நாளின் அழுகையில் விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவற விடுவதே பெரிய இழப்பு.

ஏற்கெனவே வேலைக்குச் சென்றுவிட்டவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உள்ளது. 1989-ல் தொடங்கிய இந்நிறுவனத்தில் ஒருமுறை பதிந்தால் அப்பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். வேறு அங்கீகாரம் பெற்ற தேர்வு வாரியத்தில் தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளவும் விதி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர், மேல்நிலை மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான தகுதி பெறவும் தமிழ்நாட்டில் வழி செய்யப்பட்டுள்ளது.

பள்ளியில் இருக்கும்போதே

கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு மற்றொரு வாசல் அண்மையில் திறந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப் படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம். தேர்வுகளை மட்டும் நேரில் மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். ஐ.ஐ.டி.யின் கடினமான நுழைவுத் தேர்வு இதற்கு இல்லை. நான்கு வாரப் பாடங்களைக் கற்று ஒரு தகுதித் தேர்வில் தேறினால் போதும். பதினோராம் வகுப்பை முடித்தவரும் அதை எழுதித் தேறி, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் சேர்ந்துகொள்ள இயலும். அடிப்படை நிலை, டிப்ளமா நிலை, பட்ட நிலை எனப் படிப்படியாகச் செல்லும் இப்படிப்பில் இடையில் நிற்போருக்கும் அந்தந்த நிலைக்குரிய சான்று உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. இப்படிப்பு வேண்டுவோர் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும்.

'ஸ்வயம்' என்ற பெயரில் 2017 முதல் மைய அரசு நடத்தும் பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கைபேசியிலேயே கற்கலாம். சான்று வேண்டுவோர் தேர்வுக் கட்டணம் செலுத்தித் தேர்வெழுத வேண்டும். இப்பாடங்களின் கிரெடிட்டுகளைக் கல்லூரிகள் ஏற்க மானியக் குழு இடமளித்துள்ளது. எனினும், சேரும் கல்லூரி ஏற்றால்தான் அவை கணக்கில் ஏறும். முன்னதாகக் கேட்டறிவது நலம்.

கண் திறந்து ஏற வேண்டிய படிகள்

வழிகளைச் சொன்ன வாயால் ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, குறுக்கு வழி விற்போர். "பத்தாவது தவறினாலும் ஒரே ஆண்டில் பட்டம்" என்று சுவரொட்டி ஒட்டுவோரிடம் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையே தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசு வேலைக்கு ஏற்கப்படாது எனத் தமிழ்நாடு அரசு 2009-லேயே ஆணையிட்டுள்ளது. படிகளைத் தாண்டிக் குதித்தவர் பலர், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கின்றனர்.

இரண்டாவது, எல்லாச் சான்றும் படியாகாது. மூன்று மாதப் பயிற்சி, ஆறு மாதப் பயிற்சி எனப் பல உண்டு. அவை கைத்தொழிலுக்கு உதவலாம். ஆனால் சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இச்சான்றைக் கொண்டு அடுத்து எந்தப் படிப்பில், எந்த ஆண்டில் சேரலாம்?" தெளிவான விடை எழுத்தில் வராவிட்டால், அது பயிற்சியே தவிரப் படிக்கட்டின் படியன்று.

மூன்றாவது, ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழக்க நேரலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது; அவ்விடங்களில் சேர்வோரின் கட்டணத்தையும் அரசு ஏற்க முன்வந்தது. நன்கு படிக்கும் அரசுப் பள்ளி மாணவர் பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சென்றால் அவ்வுரிமை கைவிட்டுப் போகும். அவர் மேல்நிலையில் தொடர்வதே மேல். ஆகையால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியது நம் பிள்ளைக்கும் பொருந்தும் என்று எண்ணலாகாது.

நான்காவது, முன்னதாகக் கணக்குச் சேர்ப்பது பிள்ளையை முன்னதாகக் கூலிக்கு அனுப்புவதற்கன்று. பதினெட்டு வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதை 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. சட்டத்துக்கு அஞ்சியேனும், அதனினும் மேலாக இறைவனுக்கு அஞ்சியேனும், அவ்வயது வரை பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கட்டும்.

தோல் பதனிடுபவரின் வீட்டில்

நம் திருமறையில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவர் மதிப்புடன் குறிப்பிடப்படுகிறார். யோப்பா நகரில், கடலோரத்தில் இருந்த அவர் பெயர் சீமோன். யூதர் தாழ்வாகக் கருதிய தொழில் அவருடையது. திருச்சபையின் தலைவராகிய புனித பேதுரு பலநாள் தங்கியது அவர் வீட்டில்தான் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. பிற இனத்தாருக்கும் மீட்பு உண்டு என்னும் மாபெரும் உண்மையைப் பேதுரு காட்சியில் உணர்ந்ததும் அவ்வீட்டில் தங்கியிருந்தபோதே. தோல் நாற்றம் வீசும் இல்லத்தில் அறிவொளி இறங்காது என்பது தேவனின் கருத்தன்று.

நம் மறைமாவட்டத்துக்குப் பல ஆயர்களை அளித்த சலேசிய சபையின் நிறுவனர் புனித தொன் போஸ்கோவையும் நினைவுகூர்வோம். வறுமையால் பிந்திப் பள்ளிக்குச் சென்றவர் அவர். படிக்கும் நாள்களிலேயே தையலும் கொல்லன் வேலையும் கற்றார். பிற்காலத்தில் தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்களுக்காக அவர் 1853-ல் முதலாவதாகத் திறந்த தொழிற்கூடங்கள் இரண்டு: ஒன்று காலணி செய்யும் கூடம், மற்றொன்று தையற்கூடம். அவற்றோடு மாலைப் பள்ளியையும் நடத்தினார். இளமையில் கற்ற கைத்தொழில் குருவான பின்பும் அவருக்குப் பயன்பட்டது. எதுவும் வீண் போகவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

அன்பார்ந்த பெற்றோரே, ஒரு தகரப் பெட்டியில் பிள்ளையின் கல்விச் சான்றுகள் அனைத்தையும் சேர்த்து வையுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லையெனில் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே பெற்றுவிடுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் மற்றொன்று, ஆதாரில் வேறொன்று என இருப்பது நம் இல்லங்களில் மிகுதி. சேர்க்கை நாளன்று அது பெருந்தடையாகும். பள்ளியில் சேர்க்கும்போதே ஒரே பெயரை, ஒரே எழுத்துகளில் பதிவு செய்யுங்கள்.

பணமே தடையென்றால் உதவித் திட்டங்களைக் கேட்டறியுங்கள். அரசுப் பள்ளியில் பயின்று பட்டப் படிப்பிலோ, டிப்ளமாவிலோ, ஐ.டி.ஐ.யிலோ சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. நடப்பாண்டின் விதிகளைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

பங்குகளுக்கும் கடமையுண்டு. மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். அன்று திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பங்கிலுள்ள ஆசிரியர்களையும், பாலிடெக்னிக் மாணவர்களையும், ஏற்கெனவே இப்படிக்கட்டில் ஏறிய இளைஞர்களையும் அமரச் செய்து, தேர்வு முடிவை எதிர்நோக்கும் குடும்பங்களுக்கு வழிகாட்டலாம். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர் இயக்கத்தினரும் துணைத் தேர்வுக்கும் சேர்க்கைக்கும் உரிய கடைசி நாள்களைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, கவனம் போதும்.

தாலந்துகளின் உவமையில் தலைவன் கணக்குக் கேட்டான். ஒரே தாலந்தைப் பெற்றவன் அதைத் தொலைக்கவில்லை, மண்ணில் புதைத்தான், அதுவே அவன் குற்றமாயிற்று. நம் பிள்ளை தேறிய மூன்று பாடமும், பெற்ற ஐ.டி.ஐ. சான்றும், பாதியில் நின்ற டிப்ளமாவும் அவ்வாறான தாலந்துகளே. அவற்றைப் பெட்டியடியில் புதைக்காமல், அடுத்த படிக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். இவ்வாண்டு முடிவு வரும் நாளில், வேலைக்கு ஆள் கேட்டு வருபவரிடம் விடை சொல்லுமுன், பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளிக்கோ பங்கு அலுவலகத்துக்கோ ஒருமுறை வாருங்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.